செடிக்கு அறை வேண்டாம், குடை போதும்

(“வீட்டில் ஒரு பசுமைக்குடில்” என்ற தலைப்பில், தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மரவள்ளிக் குச்சியை ஒடித்து ஊன்றினாலே பத்து நாளில் துளிர்க்கின்ற நாடு இது. இங்கே எதற்கு ஒரு பசுமைக்குடில் என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் வேளாண் நிபுணர் அல்ல; கேள்வி கேட்பது என் தொழில். செடி வளர்ப்பு நிகழ்ச்சிக்காகப் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை வீடு வீடாகப் போய்க் கேட்டதும் பார்த்ததும்தான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. நம்மில் பலருடைய குடும்பம் இந்த மண்ணுக்கு வந்ததற்கே பசுமைக்குடில் ஒரு காரணம் என்றால் நம்புவீர்களா?

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்குள்ள குளிரில் ரப்பர் விதை எப்படி முளைக்கும்? கியூ தாவரத் தோட்டத்தில் சூடேற்றிய கண்ணாடிக் குடில்களுக்குள் விதைத்தார்கள். சில ஆயிரம் மட்டுமே முளைத்தன. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குக் கப்பலேறியது. கப்பலில் உப்புக்காற்று படாமல் இருக்க, கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டிகளில் வைத்து அனுப்பினார்கள். அதுவும் கையடக்கமான ஒரு பசுமைக்குடில்தான். 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு வந்த ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டத்தான் நம் தாத்தா பாட்டிகள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கண்ணாடிக் குடில் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைக் கவனியுங்கள். வெளியே குளிர், உள்ளே சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும். அதுதான் அதன் வேலை. நமக்கோ சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. கோலாலம்பூரில் பகலில் 32, 33 பாகை, நள்ளிரவிலும் 24 பாகை. ஆண்டு முழுவதும் இதே கதைதான். அந்த ஊர்க் குடிலை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? நண்பகலில் கார் கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்து பாருங்கள். அதுதான் ஆகும்.

கைராசி போய்விட்டதா?

கிள்ளானில் ஒரு வீட்டுக்குப் படப்பிடிப்புக்காகப் போயிருந்தோம். மூலை வீடு, பக்கத்தில் கொஞ்சம் நிலம். வீட்டுப் பெரியவர் இளமைக் காலமெல்லாம் தோட்டத்தில் வேலை செய்தவர். லயத்து வீட்டின் பின்னால் கத்தரி, வெண்டை, பாகல், வெற்றிலை என்று போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியானது. அவர் மகனோடு தாமானுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகன் ஆசையாய் ஒரு பசுமைக்குடில் கட்டிக் கொடுத்தார். நான்கு பக்கமும் பாலிகார்பனேட் சுவர், மேலே அதே கூரை, ஒரு கதவு, ஒரு மின்விசிறி. பார்க்கக் கொள்ளை அழகு. சில ஆயிரம் வெள்ளி செலவு.

இரண்டு வாரத்தில் நாற்றெல்லாம் கருகிவிட்டது. மறுபடி நட்டார், மறுபடி கருகியது. நண்பகலில் வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தோம். வெளியே 33 பாகை. உள்ளே 45-ஐத் தாண்டிவிட்டது. அந்த விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “என் கைராசி போயிருச்சும்மா.” அதன் பிறகு அவர் அந்தப் பக்கமே போவதில்லையாம்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். அறுபது ஆண்டு மண்ணைத் தொட்ட ஒரு மனிதர், தன் கை இனி எதற்கும் ஆகாது என்று முடிவு கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குற்றம் கையில் இல்லை. சுவரில்தான் இருந்தது.

அந்தக் குடும்பம் பிறகு என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

எதிரி வெயிலா, மழையா?

நம் ஊரில் செடிக்கு முதல் எதிரி மழை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் 1,400 தான். லண்டனில் 600 சொச்சம். அதுவும் நம் மழை சாரலாகவா பெய்கிறது? மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்தால், ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். கொத்தமல்லி நாற்று மண்ணோடு படுத்துவிடும். மண் தெறித்துக் கீரையின் அடியிலையில் ஒட்டும். பூஞ்சை நோய் அந்த மண்ணோடு ஏறும். போட்ட உரம் கால்வாய்க்குப் போய்விடும். மிளகாய்ப் பழம் செடியிலேயே அழுகும்.

ஆகவே நமக்குத் தேவை கூரை. சுவர் தேவையில்லை. கேமரன் மலைக்குப் போகும்போது, மலைச்சரிவெங்கும் வெள்ளையாய்த் தெரியும் பிளாஸ்டிக் கூரைகளைப் பார்த்திருப்பீர்கள். உற்றுப் பாருங்கள், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கம் திறந்தே இருக்கும். மழைக்காப்புக் கொட்டகை என்று அதைச் சொல்கிறார்கள். செர்டாங்கில் இருக்கும் மார்டி எனும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் தாழ்நிலப் பகுதிகளுக்கு இப்படிப்பட்ட கொட்டகைகளைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அகத்தியை நெருக்கமாக நட்டு, அதன் நிழலிலும் ஈரத்திலும் கொடியை ஏற்றுவார்கள். வங்காளத்தில் மூங்கிலும் தட்டைக் குச்சிகளும் கட்டி, கூரையும் வேலியுமாகவே வெற்றிலைக்கு ஒரு கொட்டகை போடுகிறார்கள். கண்ணாடியே இல்லாத பசுமைக்குடில்! வெயிலை வடிகட்டு, காற்றை விடு. நம்மவர்களுக்குத் தெரிந்த கணக்குதான் இது.

இனி, இடத்தைத் தேர்ந்தெடுப்பது. வெளிநாட்டுப் புத்தகங்களில் தெற்கு பார்த்துக் கட்டு என்று போட்டிருக்கும். அது அவர்களுக்கு. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்றே பாகையில் இருக்கிறோம். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். ஜூனில் வெயில் வடக்கே சாயும். டிசம்பரில் தெற்கே சாயும். எனவே திசையைவிட, பக்கத்து மாடி வீட்டுச் சுவரின் நிழல் எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு என மூன்று வேளையும் வெயில் எல்லையைத் தரையில் கோடு போடுங்கள். ஒரு வாரம் பாருங்கள். ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் மிளகாய், கத்தரி, தக்காளிக்கு. மூன்று நான்கு மணி நேரம் என்றால் கீரை, புதினாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலை வெயில் கிடைத்து, மேற்கு வெயிலுக்கு ஒரு மறைப்பு இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும். ஒரு குடும்பத்தால் பார்த்துக்கொள்ள முடிந்தது அவ்வளவுதான். உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஓரத்தில் எட்டடி, நடு முகட்டில் பத்து அல்லது பதினோரு அடி. சூடான காற்று மேலே ஏறும். மேலே ஏறியது வெளியே போக வழி வேண்டும். அதனால் முகட்டில் இரண்டு கூரையும் ஒட்டாமல், ஓர் அடி இடைவெளி விட்டு, ஒன்றின் மேல் ஒன்று தொப்பி போல் கவிந்திருக்க வேண்டும். மழை உள்ளே வராது, வெப்பம் வெளியே போகும். எனக்குக் கேட்டால், இந்த ஓர் அடி இடைவெளி பத்து மின்விசிறிக்குச் சமம். வீட்டுச் சுவரோடு சாய்த்துக் கட்டுகிறவர்களும், சுவருக்கும் கூரைக்கும் நடுவே இதே மாதிரி இடைவெளி விட்டு மேலே ஒரு தகட்டால் மறைக்கலாம். நம் மழை சாய்ந்து அடிக்கும் என்பதால் கூரை பக்கவாட்டில் ஒன்றரை அடி நீண்டிருக்கட்டும்.

கூரைக்கு எது நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்த 200 மைக்ரோன் பிளாஸ்டிக் தாள் மலிவு; மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உழைக்கும். சாதாரணக் கட்டடப் பிளாஸ்டிக் தாளைப் போட்டால் சில மாதத்திலேயே நொறுங்கிவிடும். இரும்புக் குழாய் வெயிலில் கொதிக்கும். தாள் தொடும் இடத்தில்தான் முதலில் கிழியும். அந்த இடத்துக்கு வெள்ளைச் சாயம் பூசுங்கள். பாலிகார்பனேட் விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். அதில் எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று மேலுறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் மாற்றிப் போட்டுவிட்டு, மஞ்சளாகிவிட்டதே என்று வருந்திப் பயனில்லை. கறுப்பு நிழல்வலையைப் பொறுத்தவரை, 50 விழுக்காட்டு வலை நாற்றுக்கும் கீரைக்கும் ஏற்றது. மிளகாய்க்கு 30 விழுக்காடு தாண்டினால் செடி நெட்டையாக வளருமே தவிர காய்க்காது.

இன்னொன்று காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்றைக் கிள்ளான்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. திறந்த கொட்டகையின் கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும். கால்களை ஒன்றரை அடியாவது தோண்டிச் சிமெண்டுக் கலவையில் நிறுத்துங்கள். மூலைகளில் குறுக்குக் கம்பி கட்டாயம்.

கூரைத் தண்ணீர் யார் வீட்டுக்கு?

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூரை என்றால் சுமார் 11 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு மாலை மழை 50 மில்லிமீட்டர் பெய்தால் கணக்குப் போடுங்கள்: 550 லிட்டர். அவ்வளவும் ஒரு மணி நேரத்தில் ஒரே பக்கம் வழிகிறது. கால்வாய்த் தகடு இல்லை என்றால் அது எங்கே போகும்? பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போகும். 2021 டிசம்பரில் ஸ்ரீ மூடா தாமானில் கூரை வரை ஏறிய வெள்ளத்தைப் பார்த்த பிறகு, தண்ணீர் விஷயத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. நல்ல அண்டை வீட்டார் பகையாளியாவதற்கு ஒரு குழாய் போதும்.

ஆகவே கூரைச் சரிவு உங்கள் நிலத்துப் பக்கம் இருக்கட்டும். தகடு வைத்து, நீல நிறப் பீப்பாயில் பிடியுங்கள். 200 லிட்டர் பீப்பாய் அரை மணியில் நிரம்பிவிடும்; நிரம்பி வழிவது நேராகக் கால்வாய்க்குப் போக ஒரு குழாய் வேண்டும். 2014-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாரக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது நினைவிருக்கிறதா? அப்போது இப்படி ஒரு பீப்பாய் இருந்தவர் வீட்டுச் செடி பிழைத்தது.

ஆனால் பீப்பாய் என்றாலே ஏடிஸ் கொசு. டிங்கிக் காய்ச்சலை நாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். பீப்பாய் வாயை நுண்வலையால் இறுக்கிக் கட்டுங்கள். தொட்டித் தட்டு வேண்டவே வேண்டாம். கூரைத் தாள் தொய்ந்த இடத்திலும் தண்ணீர் தேங்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. வாரம் ஒரு நாள் ஏணி வைத்துப் பாருங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கென்றே 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதிகாரிகள் வந்து குடம்பி கண்டுபிடித்தால் அபராதம் உங்கள் பெயரில்தான்.

சட்டம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தரையில் கால் ஊன்றிக் கூரை போட்டால் அது கட்டட வேலை. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் அது ஊராட்சி மன்றத்தின் பார்வைக்குள் வரும். கோலாலம்பூர் மாநகர் மன்றமோ, கிள்ளான் அரச மாநகர் மன்றமோ, உங்கள் வட்டாரம் எதுவோ, ஒரு கைப்படம் வரைந்து எடுத்துக்கொண்டு கட்டடப் பிரிவில் முதலில் கேளுங்கள். எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை அவர்கள் சொல்வார்கள். பின்சந்தில் கட்டவே வேண்டாம். அது நம் நிலம் அல்ல. “எல்லாரும்தான் கட்டியிருக்காங்க” என்று சிலர் சொல்வார்கள். இடிக்கச் சொல்லிக் கடிதம் வரும்போது எல்லாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் என்ன செய்வது? பலகணியில் மூன்றடுக்கு இரும்புத் தட்டு வைத்து, மேலும் மழை அடிக்கும் பக்கமும் தாள் போட்டு, மற்ற பக்கத்தைத் திறந்து விட்டால் அதுவே உங்கள் பசுமைக்குடில். வெளிச்சுவரில் எதையும் பொருத்துவதற்கு முன் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்காதீர்கள், வெளியே தொங்கவும் விடாதீர்கள். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் அடுக்குமாடியில் மேலிருந்து விழுந்த ஒரு நாற்காலி, நம் பள்ளி மாணவன் ஒருவனின் உயிரைக் குடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பூந்தொட்டி நாற்காலியைவிடக் கனம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

உள்ளே எது, வெளியே எது?

குடில் கட்டிவிட்டோம் என்று முருங்கையையும் வாழையையும் உள்ளே நட வேண்டாம். கறிவேப்பிலைக்கும் கூரை தேவையில்லை. அது மழையில் மகிழ்ச்சியாக வளரும். கூரைக்குக் கீழே வர வேண்டியவை நாற்று, கொத்தமல்லி, கீரை, மிளகாய், தக்காளி. நிழல் மூலையில் ஒரு வெற்றிலைக் கொடி.

தக்காளி பற்றி ஓர் உண்மை. இரவிலும் 24 பாகை இருக்கும் ஊரில் கடையில் பார்க்கும் பெரிய தக்காளிக்கு ஆசைப்படாதீர்கள். இரவு குளிரவில்லை என்றால் பூ பூக்கும், உதிரும், காய் பிடிக்காது. சிறுதக்காளியும் வெப்பம் தாங்கும் ரகங்களும் காய்க்கும். பச்சையாக இருக்கும்போதே செடி ஒரே நாளில் வாடிச் சாகிறதா? அது மண்ணில் இருக்கும் பாக்டீரியா வாடல் நோய். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இதற்கு ஒரு வழி சொல்கிறது: கத்தரி வேரின் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டுவது. கத்தரி வேர் அந்த நோயைத் தாங்கும். பொறுமை உள்ளவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

பூச்சிவலை போட்டுப் பக்கங்களை அடைப்பவர்கள் கவனிக்க வேண்டும். கொசுவலையைவிட நெருக்கமான வலை வெள்ளை ஈயைத் தடுக்கும், காற்றையும் தடுக்கும். தேனீயும் உள்ளே வராது. மிளகாய்க்கும் தக்காளிக்கும் காலையில் செடியை லேசாகத் தட்டிவிட்டால் போதும். பாகலும் புடலையும் மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் வராமல் காய்க்காது. அவற்றை வெளியே பந்தலில் விடுங்கள்.

மழை படாத செடிக்கு வேறு தொல்லையும் உண்டு. மாவுப்பூச்சியையும் சிலந்திப்பேனையும் மழைதான் கழுவிக்கொண்டிருந்தது. இனி நீங்கள்தான் கழுவ வேண்டும். வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். தொட்டி மண்ணில் வெள்ளையாகப் படிந்தால் அது உரத்தின் உப்பு. மாதம் ஒரு முறை தண்ணீர் அடியில் ஓடும் வரை ஊற்றி அலசிவிடுங்கள்.

இனி அந்தக் கிள்ளான் வீடு. பக்கச் சுவர்களைக் கழற்றினார்கள். கூரையை இரண்டடி உயர்த்தி முகட்டைத் திறந்தார்கள். கழற்றிய பாலிகார்பனேட்டில் பாதி, மேற்குப் பக்கம் சாய்வு மறைப்பாயிற்று. விசிறியை மகன் வரவேற்பறைக்கு எடுத்துக்கொண்டார். பெரியவருக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. அதனால் பாத்திகளை இடுப்புயரத்துக்கு, இரண்டரை அடி மேடையில் வைத்தார்கள். நடுவே மூன்றடி நடைபாதை, பாசி பிடித்து வழுக்காத சொரசொரப்புக் கல். பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் குழாய். பெரியவர்களுக்காகக் கட்டுகிறவர்கள், கூரைக்கு முன்பே இதை வரைந்துவிடுங்கள் என்பேன்.

முதலில் அவர் வர மறுத்துவிட்டாராம். மருமகள்தான் கெட்டிக்காரத்தனமாக, “மாமா, கொத்தமல்லி விதையை எப்படிப் போடணும்?” என்று கேட்டிருக்கிறார். “முழுசாப் போட்டா மொளைக்காது, செருப்பால தேய்ச்சு ரெண்டா உடைக்கணும்” என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்திருக்கிறார். அவர் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன். உடைத்த விதையை ஓர் இரவு ஊற வையுங்கள். அரை அங்குல ஆழத்தில் தூவி மெல்லிய மண் போடுங்கள். முளைக்கும் வரை வெயில் நேராகப் படக்கூடாது. பிடுங்கி நடாதீர்கள், கொத்தமல்லிக்கு இடம் மாற்றினால் பிடிக்காது. பத்து நாளில் முளைக்கும், ஐந்தாறு வாரத்தில் கிள்ளலாம். நம் சூட்டில் சீக்கிரம் பூ வைத்துவிடும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒரு தட்டு புதிதாக விதைத்துக்கொண்டே இருங்கள்.